மூன்று வரி மின்னஞ்சலில் என்னை நீக்கினார்கள்

இங்கிலாந்தில் 1640-களின் உள்நாட்டுப் போரை வார இறுதிகளில் நடித்துக் காட்டும் குழு ஒன்றில் ஆறு வருடம் ஈட்டிக்காரனாக இருந்தேன். ஆஷ் மரத்தில் செய்த 16 அடி ஈட்டி. போட்டுக்கொள்ளும் கம்பளிக் கோட்டு நானே ஒரு குளிர்காலம் முழுக்கக் கையால் தைத்தது.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் துப்பாக்கி மருந்துக்காக வசூலித்த பணத்துக்குக் கணக்கு கேட்டேன். ஒன்பதாம் நாள் மின்னஞ்சல் வந்தது: குழுவின் நற்பெயரைக் கெடுத்துவிட்டீர்கள், இன்று முதல் உறுப்பினர் இல்லை. நான் என்ன செய்தேன், யார் புகார் கொடுத்தது, எதுவும் இல்லை. என் ஈட்டி அப்போது அவர்கள் வேனில் கிடந்தது.

அன்றிரவு கோபத்தில் எழுதிய நான்கு பக்கப் பதிலை அனுப்பாமல் விட்டது எவ்வளவு நல்லது என்று அப்புறம்தான் தெரிந்தது.

தமிழ்நாட்டில் பதிவு செய்த சங்கம் என்றால் மாவட்டப் பதிவாளர் என்று ஒருவர் இருக்கிறார். இங்கிலாந்தில் இப்படிப் பதிவில்லாமல் நடக்கும் குழுக்களுக்கு அப்படி யாரும் கிடையாது. விதிமுறைதான் உறுப்பினர்களுக்கு இடையிலான ஒப்பந்தம். நீக்கும் அதிகாரம் அதில் இருந்தால்தான் நீக்கலாம், அதுவும் அதில் சொன்ன முறைப்படி. குற்றச்சாட்டை முன்னதாகச் சொல்ல வேண்டும், பதில் சொல்ல விட வேண்டும், புகார் சொன்னவரே தீர்ப்பும் சொல்லக்கூடாது. விசாரிக்கவே தேவையில்லை என்று தோன்றிய எத்தனையோ விவகாரங்கள் விசாரித்த பின் வேறு மாதிரி முடிந்திருக்கின்றன என்று ஜான் எதிர் ரீஸ் என்ற இங்கிலாந்து வழக்கில் நீதிபதி மெகாரி சொல்லியிருக்கிறார். அதைப் படித்தபோதுதான் எனக்குத் தெம்பு வந்தது.

எங்கள் விதிமுறையில் 14 நாள் எழுத்து அறிவிப்பு, நேரில் பேச வாய்ப்பு, பொதுக்கூட்டத்தில் மேல்முறையீடு எல்லாமே இருந்தன. எனக்கு ஒன்றுகூடத் தரவில்லை.

ஒரே பக்கத்தில் கடிதம் எழுதினேன். நான் நல்லவன் என்று வாதாடவில்லை. எந்த விதிப்படி நீக்கினீர்கள், குற்றச்சாட்டு என்ன, விசாரணை எப்போது, அவ்வளவுதான் கேட்டேன். கூடவே, தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி என்னைப் பற்றிய பதிவுகளையும் கேட்டேன். அதற்குக் கட்டணம் இல்லை, பொதுவாக ஒரு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். 26-ஆம் நாள் நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்பு வந்தது. என் விஷயம் நிகழ்ச்சி நிரலிலேயே இல்லை. கடைசியில் 'இதர விஷயங்கள்' என்பதன் கீழ் ஒரு வரி. பெயர்கள்மேல் கறுப்பு மை பூசியிருந்தார்கள், ஆனால் முன்மொழிந்தவரின் பதவி அப்படியே தெரிந்தது. பொருளாளர்.

வழக்குப் போடலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். தோற்றால் எதிர்த்தரப்புச் செலவும் நம் தலையில் விழக்கூடும், அதனால் மேல்முறையீட்டோடு நிறுத்திக்கொண்டேன். கிராமக் கூடத்தில் அந்தக் குறிப்பை மட்டும் வாசித்தேன். 31 பேர் என் பக்கம், 9 பேர் எதிராக. நீக்கம் செல்லாது என்றானது. அன்றைக்கே ஈட்டியும் கைக்கு வந்தது.

மருந்துப் பணத்தின் கணக்கு மட்டும் இன்னும் வரவில்லை. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லி இந்த முறை எழுதியே கொடுத்திருக்கிறேன்.