வெள்ளை உடையில் ஒரு எட்டு வயது

மதியம் போனில் ஒரு படம். முழுக்க வெள்ளை உடையில் ஒரு சிறுமி, இடுப்பளவு தண்ணீரில். அமெரிக்காவில் தோன்றிய கிறிஸ்தவச் சபையான மோர்மன் சபையின் ஞானஸ்நானம். எட்டு வயதில் கொடுப்பார்கள்.

எனக்கு 2015 நவம்பர் நினைவுக்கு வந்தது. ஒரே பாலினத்தவர் சேர்ந்து வாழும் வீட்டுப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கிடையாது என்றது சபைத் தலைமை. 18 வயதாகட்டும், அந்த வீட்டை விட்டு வரட்டும், அப்படிப்பட்ட திருமணம் தவறென்று சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம்.

பெற்றவரா, கடவுளா என்று ஒரு குழந்தையிடமா கேட்பது?

2019 ஏப்ரலில் அதை விலக்கிக்கொண்டார்கள். சரி. ஆனால் ஒருபாலினத் திருமணம் அங்கே இன்றும் பாவம்தான்.

யாரைச் சேர்ப்பதென்று முடிவுசெய்வது சபையின் உரிமை, அரசு தலையிடக் கூடாது. மதிக்கிறேன். ஆனால் மதச் சுதந்திரம், அதே சபையில் கண்மூடி ஜெபிக்கும் தன்பாலீர்ப்பு விசுவாசிக்கும் சேர்த்துத்தானே?