நான்காவது பெட்டி

டிசம்பர் 9

தூரிகைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரலால் நுனியைக் கூராக்கி, துண்டின்மேல் படுக்கவைத்தேன். காய்ந்ததும் டப்பாவில் போட்டு மூடிவிட வேண்டும். மேசையில் ஒரு தாள்கூட இல்லை. நான்கு வாரம் வரைவதில்லை.

டிசம்பர் 10

கட்டைவிரல் இரவெல்லாம் வலித்தது.

டிசம்பர் 11

அக்கா போன் செய்தாள். "சும்மா இருக்கப் போறியா? நீயா?" என்றாள். சும்மா இல்லை, ஓய்வு என்றேன். "ரெண்டும் ஒண்ணுதானே." பதில் சொல்லத் தெரியவில்லை. போனை வைத்த பிறகு தோன்றியது: கை சும்மா இருக்கும்போதும் தலைக்குள் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. அதுவும் நின்றால்தான் ஓய்வு. எனக்கு இன்னும் நிற்கவில்லை. பல் தேய்க்கும்போது கண்ணாடியில் என் கன்னத்தையே எந்தக் கோட்டில் பிடிக்கலாம் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

கடைசியாக நான் படம் வரைந்த புத்தகம் இருபத்து நான்கு பக்கம், அதில் பதினேழு குழந்தைகள். அச்சாகி வந்த பிறகு ஒருநாள் மதியம் எடுத்துப் புரட்டினேன். பதினேழும் ஒரே முகம். முடியை மாற்றியிருக்கிறேன், சட்டையை மாற்றியிருக்கிறேன், முகத்தை மாற்றவே இல்லை. யாரும் இதைச் சொல்லவில்லை. அழகாக வந்திருக்கிறது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அன்றைக்குத்தான் பயம் வந்தது.

டிசம்பர் 13

புத்தக அலமாரியைக் காலி செய்யத் தொடங்கினேன். விடுமுறைக்குள் முடித்து நூலகத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். இந்த முறை ஒழுங்காக.

போன வருடமும் இதே வாரத்தில்தான் மூன்று பெட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வந்த அன்றைக்கு மனசு அவ்வளவு லேசாக இருந்தது. இந்த அக்டோபரில் வேறு வேலையாக அதே நூலகத்துக்குப் போனால், பின்பக்க வராந்தாவில் என் மூன்று பெட்டியும் அப்படியே இருக்கின்றன. மேலே என் கையெழுத்து. அடிப்பெட்டி ஈரத்தில் ஊறிப் புடைத்திருந்தது. அவர்கள்மேல் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து, என்னவெல்லாம் கொடுத்தோம் என்று நினைத்துப் பார்த்தபோது அந்தக் கோபம் என் பக்கம் திரும்பியது. பழைய தேர்வு வழிகாட்டிகள். பாதி எழுதி நிரப்பிய பயிற்சி நூல்கள். முதல் இரண்டு தொகுதி இல்லாத கலைக்களஞ்சியம். தூக்கிப்போட மனசில்லாததை எல்லாம் தானம் என்ற பெயரில் இன்னொருவர் வராந்தாவில் இறக்கியிருக்கிறேன்.

டிசம்பர் 14

நூலகத்துக்குப் போய் முதலில் கேட்டுவிட்டு வந்தேன். இதைப் போன வருடமே செய்திருக்கலாம்.

நூலகர் மிகவும் பொறுமையானவர். டிசம்பரில் எல்லோரும் ஒரே நேரத்தில் கொண்டுவருகிறார்கள், பிரித்துப் பார்க்க ஆள் இல்லை என்றார். ஒவ்வொரு புத்தகத்தையும் பக்கம் புரட்டிப் பார்த்து, ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடி, எண் போட்டு, பட்டியலில் ஏற்றி, முத்திரை குத்தி, அட்டை போட்டுத்தான் தட்டுக்குப் போகுமாம். இலவசமாக வருகிற புத்தகத்துக்கும் இத்தனை வேலை இருக்கிறது. "பிப்ரவரியில கொண்டு வாங்க, நானே உக்காந்து பார்க்கிறேன்" என்றார்.

களையெடுப்பு என்று அவர்களுக்குள் ஒரு சொல் புழங்குகிறது. தகவல் தவறாகிப்போனது, கிழிந்து அழுக்கானது, புதிய பதிப்பு வந்துவிட்டது, அந்த வாசகர்களுக்குத் தேவைப்படாதது, வேறிடத்தில் எளிதாகக் கிடைப்பது என்று பார்த்துப் பார்த்துத் தட்டிலிருந்து எடுப்பார்களாம். வெளியே போக வேண்டியதையே நான் உள்ளே கொண்டுபோயிருக்கிறேன்.

எது வேண்டும் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. சின்னக் குழந்தைகளுக்கான படப் புத்தகங்கள் என்றார். அதுதான் சீக்கிரம் கிழிகிறது, அதைத்தான் யாரும் கொடுப்பதில்லை. ஒரே புத்தகத்தில் ஐந்து பிரதி இருந்தால் ஐந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து வாசிக்கலாம். அப்புறம், வயதானவர்களுக்குப் பெரிய எழுத்தில் அச்சிட்டவை.

படப் புத்தகம். என் கட்டிலுக்கு அடியில் ஆசிரியர் பிரதிகள் எத்தனை கட்டு இருக்கின்றன! ஒரே முகமுள்ள அந்தப் பதினேழு பேரும் அங்கேதான் இருக்கிறார்கள். சொல்லாமல் வந்துவிட்டேன்.

டிசம்பர் 15

ஒன்றும் செய்யவில்லை. நன்றாக இருந்தது, சாயங்காலம் வரை.

டிசம்பர் 17

நான்கு பெட்டி. முதலாவது, அப்படியே கொடுக்கலாம். இரண்டாவது, சின்னப் பழுது பார்த்துக் கொடுக்கலாம். மூன்றாவது, பழைய தாளுக்குப் போக வேண்டியது. நான்காவது, தெரியாதது.

இரண்டு மணி நேரத்தில் நான்காவது பெட்டி நிரம்பிவிட்டது.

டிசம்பர் 18

சே. கொடுத்த வானியல் புத்தகம் கிடைத்தது. முதல் பக்கத்தில் அதே பச்சை மை. "மேலே பார். அன்புடன், சே., 1994."

நான்காவது பெட்டி.

டிசம்பர் 19

தூக்கம் இல்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கொடுத்தால் என்ன என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்ததற்கே வெட்கமாக இருக்கிறது. கையெழுத்து உள்ள பக்கம் எந்த வாசகரையும் தொந்தரவு செய்யாது. யாரோ யாருக்கோ அன்பாகக் கொடுத்தது என்று தெரிந்தால் அந்தக் குழந்தை இன்னும் ஒரு நொடி அதைக் கையில் வைத்திருக்கும். நான் வைத்திருப்பேன்.

ஆனால் சிக்கல் கையெழுத்தில் இல்லை. உள்ளே ஒன்பது கோள்கள்.

டிசம்பர் 20

இரண்டாவது பெட்டிக்கான வேலை. செலோடேப் ஒட்டிய பக்கங்களைப் பார்க்கவே வயிறு கலங்குகிறது. ஒட்டியது நான்தான், பள்ளி நாட்களில். டேப் உரிந்து போயிருக்கிறது, பசை மட்டும் பழுப்பாகத் தாளுக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. இனி வராது. புதிய கிழிசல்களுக்கு மெல்லிய தாளும் மாவுப் பசையும்தான். அதைத் தண்ணீர் தொட்டு எடுத்துவிடலாம்.

ஒரு தடித்த அகராதியின் முதுகை விரித்தபோது ராமபாணப் பூச்சி ஒன்று ஓடியது. டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்தேன். வெளிச்சம் பட்டதும் உறைந்து நின்றது. விரல் நகத்தின் அளவு. ஈயக் காகிதத்தைக் கசக்கி நீவிவிட்டது போன்ற உடம்பு, முன்னே இரண்டு மீசை, பின்னே மூன்று வால். இறக்கை கிடையாது. வளர்ந்த பிறகும் வாழ்நாள் முழுக்கத் தோலுரித்துக்கொண்டே இருக்கும். நூற்கட்டுப் பசையில் உள்ள மாவுச்சத்து அதற்குப் பிடித்த ஆகாரம். அகராதியின் சொற்களை அது தொடவில்லை, அவற்றைச் சேர்த்துப் பிடித்திருந்த பசையை மட்டும் தின்றிருக்கிறது.

அரை மணி நேரம் பார்த்தேன். கை பென்சிலைத் தேடியது. பென்சிலும் டப்பாவுக்குள்தான். கொடுத்த வாக்கு வாக்குதான்.

டிசம்பர் 21

பூச்சி இருந்த தட்டின் புத்தகங்களைப் பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் வைத்தேன். மைனஸ் 18 டிகிரி, இரண்டு வாரம். முட்டைகளும் செத்துப்போகும். வெளியே எடுத்த பிறகும் அறையின் சூட்டுக்கு வரும்வரை உறையைப் பிரிக்கக் கூடாது, தாள் வியர்த்துவிடும். பூச்சியோடு ஒரு புத்தகம் கொடுத்தால் ஒரு தட்டையே கொடுத்துக் கெடுத்தது போல.

அகராதியை என்ன செய்வது?

டிசம்பர் 22

அக்கா மறுபடி. விடுமுறைக்கு வரச் சொல்கிறாள். போகவில்லை.

டிசம்பர் 23

ஆன்றி புவாங்கரே என்ற கணித மேதையின் கதையை இன்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். பதினைந்து நாள் ஒரு கணக்கோடு மல்லுக்கட்டியவர். பிறகு ஒரு பயணம், அதில் கணக்கை மறந்தே போனார். கூத்தான்ஸ் என்ற ஊரில் வண்டியில் ஏறப் படியில் கால் வைத்த நொடியில், தேடிய விடை தானாக வந்து நின்றதாம். 1908இல் அவரே ஓர் உரையில் சொன்னது.

இதை யாராவது ஓய்வுக்குப் பரிந்துரையாகச் சொல்லும்போது எனக்கு மூச்சு முட்டுகிறது. படியில் கால் வைக்கும்போது ஏதாவது வரும் என்று காத்துக்கொண்டே எப்படி மறப்பது? எனக்கு விடை எதுவும் வேண்டாம். பதினெட்டாவது குழந்தைக்கு ஒரு முகம் வேண்டும், அவ்வளவுதான். அதுகூட இப்போது வேண்டாம். கட்டைவிரல் வலிக்காமல் ஒரு ராத்திரி வேண்டும்.

டிசம்பர் 24

வலி கொஞ்சம் குறைவு.

டிசம்பர் 26

பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு விடுமுறை. "அத்தை, இது என்ன பெட்டிக் கடையா?" என்று உள்ளே வந்துவிட்டாள். எட்டு வயது. நான்காவது பெட்டியில் நேராகக் கையை விட்டு எடுத்தது சே.யின் புத்தகம்.

"ஒன்பதுன்னு தப்பாப் போட்டிருக்கு."

தப்பில்லை, அப்போது ஒன்பதுதான் என்றேன். அவள் நம்பவில்லை. வானத்தில் ஒன்று எப்படிக் குறையும் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. தரையில் உட்கார்ந்தோம். 1930இல் கிளைட் டாம்பா, லோவெல் வான் ஆய்வகத்தில் புகைப்படத் தகடுகளை மாற்றி மாற்றிப் பார்த்து, நகர்கிற ஒரு புள்ளியைக் கண்டுபிடித்ததைச் சொன்னேன். அதற்குப் புளூட்டோ என்று பெயர் வைக்கச் சொன்னது இங்கிலாந்தில் வெனிஷியா பர்னி என்ற பதினொரு வயதுச் சிறுமி என்றதும் எழுந்தே நின்றுவிட்டாள். "பதினொண்ணா? எனக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு." பிறகு 2006 ஆகஸ்டில் பிராக் நகரத்தில் வானியலாளர்கள் கூடி, கோள் என்றால் என்ன என்று வரையறுத்தபோது புளூட்டோ குறுங்கோள் ஆனது. அதே வருடம் ஜனவரியில்தான் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் கிளம்பியிருந்தது. கோளைப் பார்க்கப் புறப்பட்டு, போகிற வழியில் அது குறுங்கோள் ஆகி, 2015 ஜூலையில் போய்ச் சேர்ந்தது. டாம்பாவின் அஸ்தியில் ஒரு துளியும் அந்த விண்கலத்தில் போனது.

அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ அவர் கடைசியில அங்க போய்ட்டார்" என்றாள்.

அந்த நேரத்து அவள் முகம். மேல் உதட்டின் இடது ஓரம் மட்டும் லேசாக உள்ளே போயிருந்தது. புருவம் ஒன்று மேலே, ஒன்று அதன் இடத்திலேயே.

வரையவில்லை. எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 27

சே.யின் எண் இன்னும் அதேதானா?

டிசம்பர் 28

எஸ்.ஆர். ரங்கநாதன் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். 1924இல் பல்கலைக்கழக நூலகராகப் போனவர், 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். நூல்கள் பயன்படுத்துவதற்கே. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். வாசகரின் நேரத்தைச் சேமி. நூலகம் வளரும் உயிரி. நூலகத்தின் சுவரில் பெரிய எழுத்தில் இருக்கிறது, எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன். போன வருடப் பெட்டிகள் நான்காவதை நேரடியாக மீறியவை. பிரித்திருந்தால், வாசகருக்குப் போக வேண்டிய நூலகரின் ஒரு முழு நாளை அந்தத் தேர்வு வழிகாட்டிகள் தின்றிருக்கும்.

மூன்றாவது விதியில்தான் எனக்கு மாட்டிக்கொள்கிறது. வானியல் புத்தகத்துக்கு வாசகர் உண்டு, நேற்று முன்தினம் பார்த்தேன். ஆனால் பக்கத்தில் ஆள் உட்கார்ந்து சொன்னதால்தான் அது வேலை செய்தது. தட்டில் தனியாக இருந்தால் இன்னொரு குழந்தை ஒன்பது என்று படித்துவிட்டுப் போய்விடும். உள்ளே ஒரு சீட்டு வைக்கலாமா? புளூட்டோவின் மேல் அந்த இதய வடிவப் பகுதியை வரைந்து, பக்கத்தில் நாலு வரி. வரைந்து. அந்தச் சொல் தானாக வந்து விழுகிறது.

இன்னும் ஒன்பது நாள்.

டிசம்பர் 30

முதலாவது பெட்டிக்கு ஆசிரியர் பிரதிகளையும் சேர்த்தேன். ஒவ்வொரு தலைப்பிலும் ஐந்து. ஒரே முகமுள்ள அந்தப் புத்தகத்தை எடுத்து, வைத்து, எடுத்து, கடைசியில் அதிலும் ஐந்து வைத்தேன். கதை நல்ல கதை. எழுதியவரின் உழைப்பை என் சோர்வுக்காக ஒளித்து வைக்க எனக்கு உரிமை இல்லை.

புத்தகங்களைப் படுக்கவைத்து அடுக்கினேன், இடம் போதாதவற்றை முதுகு கீழே இருக்கும்படி. திறக்கும் பக்கம் கீழே வந்தால் தாள்களின் எடையே நூற்கட்டைப் பிய்த்துவிடும். ஒருவர் அலுங்காமல் தூக்கக்கூடிய சின்னப் பெட்டிகளாகப் பார்த்துப் போட்டேன். வெளியே தாள் ஒட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று தலைப்பும் எண்ணிக்கையும் எழுதினேன். பிப்ரவரி வரை இங்கேயே இருக்கட்டும். அவர் சொன்னபோதுதான் போகும்.

விடுமுறையிலேயே கொடுத்து முடிக்க வேண்டும் என்று எனக்கு ஏன் அவ்வளவு அவசரம்? அந்த லேசான மனசு திரும்ப வேண்டியிருந்தது.

ஜனவரி 1

சே.க்கு ஒரு வரி அனுப்பினேன். "மேலே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்."

ஜனவரி 2

பதில் இல்லை.

ஜனவரி 3

பதில் இல்லை. கட்டைவிரல் பரவாயில்லை. ஃப்ரீசரில் இருப்பவை நாளை மறுநாள் வெளியே வரலாம்.

ஜனவரி 4

குழந்தை வந்து புத்தகத்தை மறுபடி கேட்டாள். கொடுத்தேன். எவ்வளவு நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள், ஆனால் பச்சை மைப் பக்கத்தை மட்டும் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்றேன். "யார் அந்தச் சே.?" என்றாள்.

சொல்ல ஆரம்பித்து, நிறுத்திவிட்டேன். நான்காவது பெட்டியில் இப்போது அகராதி மட்டும்தான்.

ஜனவரி 5

டப்பாவைத் திறந்தேன், பார்க்க மட்டும். ஆறாம் எண் தூரிகையின் நுனி இரண்டாகப் பிரிந்திருக்கிறது. அவசரத்தில் மூடியபோது மடங்கியிருக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, கொஞ்சம் சோப்பைக் குழைத்துத் தடவி, விரலால் கூராக்கி, துண்டின்மேல் படுக்கவைத்திருக்கிறேன். காலைவரை காய வேண்டும்.