கூரை எங்கை போச்சுது?

வரலாற்று மாஸ்டர் காலமான செய்தி வந்த அன்று, ரொறன்ரோவிலிருந்து சிட்னி வரை நம்மவர் எழுதிய இரங்கல் ஒரே வசனம்தான்: "கூரை எங்கை போச்சுது?" அவரோடு இலங்கையின் பழைய தலைநகர் பொலன்னறுவைக்குச் சுற்றுலா போனவர்களுக்கு விளக்கம் வேண்டாம்.

அரசன் பெயர், ஆண்டு எல்லாம் புத்தகத்தில் இருக்கு என்பார். கட்டடத்தின் முன்னால் கேள்வி கூரைதான். வட்டமான தாதுக்கோயிலான வட்டதாகேயின் கற்றூண்கள் தாங்கியது மரக்கூரை, அது போய்விட்டது. பராக்கிரமபாகு மன்னன் (1153–1186) மாளிகையின் மேல்மாடிகளும் மரம். மிஞ்சியது மூன்று மீற்றர் தடிப்புச் செங்கற்சுவர். உத்திரம் செருகிய குழிகள் அதில் இன்னும் தெரியும். லங்காதிலக சிலைமனையில் கவிகூரை (செங்கல்லால் வளைத்துக் கட்டிய கூரை) விழுந்து, தலையில்லாத புத்தர் வெயிலில் நிற்கிறார்.

அப்படியானால் அதே செங்கல்லில் கட்டிய தூபாராம சிலைமனையின் கூரை ஏன் விழவில்லை? தடித்த சுவர், ஒடுங்கிய உள்ளறை. கவிகூரை வெளியே தள்ளும் பாரத்தைச் சுவர் வாங்கிக்கொள்கிறது. லங்காதிலகவின் சுவர் ஏறத்தாழ 17 மீற்றர் உயரம். அந்த உயரத்தில் அது வேறு கணக்கு.

சிவன் கோயில்களுக்கும் இதே சோதனை. முதலாவதில் சாந்தில்லாமல் பொருத்திய கற்கள் அவ்வளவு நேர்த்தி, ஆனால் மேலே வைத்தது செங்கல்; இன்று மொட்டை. இரண்டாவது, 11ஆம் நூற்றாண்டுச் சோழர் கட்டிய வானவன்மாதேவி ஈச்சரம், அடியிலிருந்து சிகரம் வரை கல். முழுசாக நிற்கிறது. பாதையை விட்டு விலகியிருப்பதால் பலர் பார்க்காமலே திரும்புகிறார்கள்.

புத்தரின் பல்லை வைத்திருந்த அட்டதாகேயடியில் நடந்ததைத்தான் ஒருவரும் எழுதவில்லை. அங்கே நிற்பது, தந்ததாதுக் (புத்தரின் பல்) கோயிலைக் காப்போம் என்று வேளைக்காரர் என்ற கூலிப்படையினர் தமிழில் வெட்டுவித்த கல்வெட்டு. தமிழில் விசேட சித்திக்காரர் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி வாசிக்கச் சொன்னார். ஒருவருக்கும் ஒரு வரி ஓடவில்லை. "சரி, அடுத்தமுறை வரேக்கை வாசியுங்கோ" என்றார், பிரம்பைத் தொடாமல். அடுத்தமுறைக்குள் பாதி வகுப்பு பிளேன் ஏறிவிட்டது. அந்தப் பழைய எழுத்தைப் படித்தவர் எவரும் இல்லை.

பேரப்பிள்ளைகளோடு இனிப் போகிறவர்கள் தடித்த காலுறை கொண்டுபோங்கள். சப்பாத்தைக் கழற்றினால் கல் சுடும். நடுப்பகலில் கல்வெட்டுக்குப் போகவேண்டாம். நேர்வெயிலில் வெட்டுக்குள் நிழல் விழாது, எழுத்து மங்கிவிடும். காலையோ பின்னேரமோ, வெயில் சாய்ந்து அடிக்கும்போது போனால் ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்துப் பார்க்கலாம்.