ஆணை எந்த வழியாக வந்தது?

வாரத்துக்கு 50 கிரெடிட் கூடுதல் பணம். கையில் கட்டிக்கொள்ள ஒரு கறுப்புப் பட்டை. 'பாபிலோன் 5' தொடரில் காவலர்கள் தங்கள் தலைவரைச் சந்தேகிக்கத் தொடங்குவது இங்கிருந்துதான். பூமி அரசின் அமைதி அமைச்சகத்திலிருந்து ஒருவர் வந்து 'நைட்வாட்ச்' என்ற அமைப்பில் சேரச் சொல்கிறார். புதிதாக வேலை ஒன்றும் இல்லை, பார்க்கிற டூட்டியையே பார்த்துக்கொண்டு, கண்ணையும் காதையும் கொஞ்சம் தீட்டி வைத்திருந்தால் போதும் என்கிறார். காவலர் ஸாக் ஆலனும் சேர்ந்துவிடுகிறார். அவர் கெட்டவர் இல்லை. சம்பளத்தோடு இன்னொரு தொகை வருகிறது, வேண்டாம் என்று சொல்ல அந்த நேரத்தில் ஒரு காரணமும் தெரியவில்லை.

ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி உருவாக்கி, 1994 முதல் 1998 வரை ஐந்து சீசன்களாக ஒளிபரப்பான அமெரிக்க அறிவியல் புனைகதைத் தொடர் இது. சுமார் எட்டு கிலோமீட்டர் நீளமுள்ள விண்வெளி நிலையம், உள்ளே மனிதர்களும் வேற்றுக்கிரகவாசிகளுமாக இரண்டரை லட்சம் பேர். காவல் தலைமை மைக்கேல் கரிபால்டியிடம். நிலையத்தின் தளபதி ஜான் ஷெரிடன். விண்கலப் போர்களுக்காக இதைப் பார்த்தவர்கள் நிறைய பேர். காவல் பணியில் இருப்பவர்கள் பார்க்க வேண்டியது கரிபால்டியின் அலுவலகத்தில் நடப்பதை.

நைட்வாட்ச் செய்த முதல் சேதம், காவலர்களுக்கு இரண்டாவது மேலதிகாரி ஒருவரைக் கொண்டுவந்ததுதான். தனிச் சம்பளம், தனிக் கூட்டம், தனி ரிப்போர்ட். யார் அரசாங்கத்துக்கு எதிராகப் பேசினார்கள் என்ற தகவல் கரிபால்டியின் மேசைக்கு வராமல் நேராக மேலே போகிறது. ஏஜென்சி மூலம் வேலைக்கு வந்து ஒரு தொழிற்சாலையிலோ அடுக்குமாடிக் குடியிருப்பிலோ நிற்கும் காவலர்களுக்கு இது நன்றாகவே தெரிந்த நிலைமை. சம்பளம் கொடுப்பது ஏஜென்சி, அதன் ஃபீல்டு ஆபீசர் ஒன்று சொல்வார். இடம் வேறொருவருடையது, அங்கே இருக்கும் அட்மின் அதிகாரி வேறொன்று சொல்வார். கேட் பாஸ் இல்லாத வண்டியை வெளியே விடச் சொல்லி அட்மினிடமிருந்து போன் வரும். கேட் பாஸ் இல்லாமல் எதையும் விடாதே என்று ஏஜென்சியின் எழுத்து ஆணை சுவரில் ஒட்டியிருக்கும். கேட்டில் நிற்பவருக்கு முடிவெடுக்கக் கிடைப்பது ஒரு நிமிடம்கூட இல்லை. பிறகு பொருள் காணோம் என்றால் போனில் சொன்னவர் நான் சொல்லவே இல்லை என்பார். டூட்டியில் நடந்ததைக் குறித்துவைக்கும் ஆக்கரன்ஸ் புத்தகத்தில் நேரம், பெயர், சொன்ன வார்த்தை மூன்றும் எழுதப்படாமல் இருந்தால் காவலர் பேச்சு அங்கே எடுபடாது.

கரிபால்டியின் பக்கமும் தவறு இருக்கிறது. தொடரின் ரசிகர்கள் அவரை நேசிப்பதால் இதை லேசாகத் தாண்டிவிடுகிறார்கள். பூமியின் அதிபர் கிளார்க், முந்தைய அதிபரின் கொலையில் பங்குள்ளவர் என்ற சந்தேகத்தில் ஷெரிடனும் கரிபால்டியும் இன்னும் சிலரும் ரகசியமாக ஆதாரம் திரட்டுகிறார்கள். ரகசியம் அவசியம்தான். ஆனால் தினமும் பக்கத்தில் நிற்கும் ஸாக்குக்கு, தலைவர் எதையோ மறைக்கிறார், தான் உள்ளே வந்தால் பேச்சை மாற்றுகிறார் என்பது மட்டும் தெரிகிறது. காரணம் தெரியாதவர் தானே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்வார். நைட்வாட்ச் கூட்டத்தில் உன் தலைவர் என்ன செய்கிறார் என்று கேட்கும்போது, பதில் சொல்ல ஏதோ இருப்பதுபோல அவருக்கே தோன்றுகிறது. தலைவர் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது, உன்னை நம்பாததால் அல்ல என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஷிஃப்ட் இன்சார்ஜாக இருப்பவர்கள் இந்த ஒரு வார்த்தையில்தான் அடிக்கடி கஞ்சத்தனம் காட்டுகிறார்கள்.

1996இல் ஒளிபரப்பான 'பாயின்ட் ஆஃப் நோ ரிடர்ன்' அத்தியாயத்தில் பூமியில் ராணுவச் சட்டம் அறிவிக்கப்படுகிறது. நிலையத்தின் காவல் முழுவதையும் நைட்வாட்ச் எடுத்துக்கொள்ள வேண்டும், பட்டை கட்டாதவர்களுக்கு வேலை இல்லை என்று ஆணை வருகிறது. கரிபால்டி மறுக்கிறார், பதவி போகிறது. நேற்றுவரை அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள் இன்று அவருக்கே ஆணையிடுகிறார்கள். ஆத்திரப்பட்டால் அதையே சாக்காக வைத்து எல்லோரையும் கைது செய்துவிடுவார்கள் என்பது ஷெரிடனுக்குத் தெரியும். ஆகவே அவர் ஆணையை மறுபடி நிதானமாகப் படிக்கிறார். அது ராணுவத் தலைமையிடமிருந்து வரவில்லை, அரசியல் அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறது. ராணுவ நிலையத்தின் காவலை மாற்றும் அதிகாரம் அந்த அலுவலகத்துக்குக் கிடையாது. ஆக அந்த ஆணையே செல்லாது, அதை வைத்துக் காவலைக் கைப்பற்ற வந்தவர்கள்தான் சட்டத்தை மீறியவர்கள்.

இந்தக் காட்சியை நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். ஆணை நல்லதா கெட்டதா என்று ஷெரிடன் அங்கே வாதாடவில்லை. யார் அனுப்பியது, அனுப்ப அவருக்கு அதிகாரம் உண்டா, வர வேண்டிய வழியில் வந்ததா என்று மட்டும் பார்க்கிறார். காவல் வேலையில் சந்தேகமான ஆணை வந்தால் செய்ய வேண்டியதும் ஏறக்குறைய இதேதான். சொன்னவரின் பெயரையும் பதவியையும் கேட்டு, அவர் சொன்னதை அவருக்கே திருப்பிச் சொல்லி, சரிதானே என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். நேரத்தோடு எழுதிக்கொண்டு எழுத்தில் அனுப்பச் சொல்ல வேண்டும். தவறான ஆணைகளில் பல இந்த இடத்திலேயே காணாமல் போய்விடும், ஏனென்றால் எழுதிக் கொடுக்க ஆள் இருக்காது. எழுத்தில் வந்தாலும், தன் நேர் மேலதிகாரிக்குத் தெரிவித்த பிறகே கைவைக்க வேண்டும். உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் இந்த வரிசை மாறும்: முதலில் ஆளைக் காப்பாற்றுவது, பிறகு எழுதுவது.

இதே தொடரில் இதற்கு நேர்மாறான ஒன்றும் நடக்கிறது. முதல் சீசன் முடிவில் கரிபால்டியை முதுகில் சுட்டவர் அவருடைய சொந்த உதவியாளர். இரண்டாம் சீசனில் ஆள் பிடிபடுகிறார். பூமியிலிருந்து கேட்கிறார்கள் என்று கைதியும் ஆதாரங்களும் ஒப்படைக்கப்பட, இரண்டும் போய்ச் சேரவே இல்லை. கேட்டது மேலிடம் என்றதும் வழியைச் சரிபார்க்கத் தோன்றவில்லை. ஆளையோ பொருளையோ கைமாற்றும்போது, வாங்குபவரின் கையெழுத்தோடு போய்ச் சேர்ந்த தகவலும் திரும்பி வரும்வரை பொறுப்பு கொடுத்தவருடையதுதான்.

மறுபடி ஸாக்கிடம் வருவோம். தலைவர் பக்கம் நிற்பதென்று அவர் முடிவு செய்தது யாருக்கும் தெரியாது. நைட்வாட்ச் ஆட்களிடம் அவர்களில் ஒருவராகவே பேசி, ஒரு கலம் ரகசியமாக வருகிறது என்று நம்பவைத்து, அவர்களைக் கலங்கள் வந்து நிற்கும் கூடத்துக்குக் கூட்டிப் போகிறார். கதவுகள் மூடிக்கொள்கின்றன. ஷெரிடன் திரையில் தோன்றி ஆணை செல்லாது என்று விளக்குகிறார். துப்பாக்கிச் சூடு இல்லாமல் முடிந்தது பெரிய விஷயம். ஆனாலும் கூட நின்று டூட்டி பார்த்தவர்களைப் பொய் சொல்லிப் பூட்டியது ஸாக்கின் மனதில் கனத்திருக்கும். கரிபால்டிக்கு அந்தக் கனம் இருந்திருக்காது.

அவர்களை உள்ளே வைத்ததும் பாயிண்ட்கள், அதாவது காவலர்கள் நிற்க வேண்டிய இடங்கள், காலியாகின்றன. மாற்றிவிட வரும் ரிலீவர் வராமல் பாயிண்டை விட்டு நகராதே என்பது காவல் வேலையில் முதல் நாள் சொல்லித்தரும் விதி, அது இங்கே ஒரே நேரத்தில் நிலையம் முழுக்க உடைகிறது. அந்த இடங்களில், நார்ன் என்ற வேற்றுக்கிரக இனத்தின் தூதர் ஜ'கார் கொடுத்த தன் இனத்தவர்களை ஷெரிடன் நிறுத்துகிறார். பூமி அரசியலில் அவர்களுக்குப் பக்கம் கிடையாது என்பதால் புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் பிரச்சினை அதோடு தீரவில்லை. தப்பிய நைட்வாட்ச் ஆட்கள் இரண்டு அத்தியாயம் தள்ளி டெலென் தூதரைக் கடத்துகிறார்கள்.

'பாயின்ட் ஆஃப் நோ ரிடர்ன்' முடிந்து அடுத்து வரும் அத்தியாயமான 'செவர்டு ட்ரீம்ஸ்' கேள்வியை இன்னும் கடினமாக்குகிறது. இப்போது கிளார்க் மீறுவது வழியை அல்ல. அவர் அதிபர், ராணுவத்துக்கு ஆணையிட அதிகாரம் உள்ளவர். அந்த அதிகாரத்தால் செவ்வாயில் பொதுமக்கள் மேல் குண்டு வீசச் செய்கிறார். சரியான வழியில் வந்த தவறான ஆணைக்குப் பதிவேட்டில் பதில் இல்லை. ஷெரிடன் பூமியிலிருந்து பிரிவதாக அறிவிக்கிறார். அங்கே அவர் எந்த விதியையும் துணைக்கு அழைக்க முடியவில்லை, விளைவை ஏற்றுக்கொள்ள மட்டுமே முடிந்தது.

நான்காம் சீசனில் கரிபால்டி வேலையை விடுகிறார். தலைமைப் பொறுப்பு ஸாக்குக்கு வருகிறது. பிறகொரு நாள், வேலையை விட்டவரிடம் இன்னும் இருக்கும் ஆயுதத்தையும் தொடர்புக் கருவியையும் திரும்ப வாங்கி வரும்படி ஷெரிடன் சொல்கிறார். ஸாக் தயங்கித் தயங்கிப் போய்க் கேட்கிறார். தன் பழைய தலைவரிடமிருந்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்கிறார்.