1.31 நாளா, 4.23 நாளா?

ஒரு கோள் தன் விண்மீனை ஒருமுறை சுற்றிவர எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போட்டேன். திரையில் 1.31 நாள் என்று விடை வந்தபோது ராத்திரி மணி பன்னிரண்டு. வரவேண்டியது 4.23. விடை தெரிந்த கணக்கைத்தான் போட்டேன், அதிலேயே சறுக்கல்.

எடுத்துக்கொண்டது 51 பெகாசி. சுமார் 50 ஒளியாண்டு தொலைவில் இருக்கும், சூரியனைப் போன்ற விண்மீன். 1995இல் மிஷெல் மயோரும் டிடியே கேலோவும் பிரான்சில் எலோடி என்ற நிறமாலைமானியை (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கும் கருவி) வைத்து இதைச் சுற்றும் கோளைக் கண்டுபிடித்தார்கள். 2019இல் நோபல் பரிசு. கோளை அவர்கள் பார்க்கவில்லை. அது இழுக்கிற இழுப்பில் விண்மீன் நம் பக்கம் கொஞ்சம் வரும், அப்புறம் விலகும். பிரிந்த ஒளியில் தெரியும் கருங்கோடுகளான நிறமாலைக் கோடுகளும் நீலப் பக்கமும் சிவப்புப் பக்கமுமாக நகரும். இங்கே அந்த வேகம் நொடிக்குச் சுமார் 56 மீட்டர். 5500 ஆங்ஸ்ட்ராமில் (ஒளியின் அலைநீளத்தை அளக்கும் அலகு) இருக்கும் ஒரு கோடு அதனால் 0.001 ஆங்ஸ்ட்ராம்தான் நகரும். என் மொட்டைமாடித் தொலைநோக்கிக்கு ஆகிற வேலையில்லை. ஆய்வகங்கள் பொதுவில் வைத்திருக்கும் அளவீடுகளை இறக்கி, பைத்தானில் உட்கார்ந்தேன்.

எலோடி எண்களையும் கலிஃபோர்னியாவின் லிக் ஆய்வகத்து எண்களையும் ஒரே வரைபடத்தில் போட்டதும் ஒன்று மேலே, மற்றது பாதாளத்தில். இந்த விண்மீன் எப்போதுமே நொடிக்கு 33 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. எலோடி எண்ணில் அதுவும் சேர்ந்திருக்கும். லிக்கில் அயோடின் ஆவி வழியாக ஒளியை அனுப்பி, ஆவியின் கோடுகளை அளவுகோலாக வைத்துக்கொள்வார்கள். அதில் கிடைப்பது ஏற்ற இறக்கம் மட்டும். சரி, தலைவலி எதற்கு என்று லிக்கை ஒதுக்கிவிட்டு எலோடியை மட்டும் அலசினேன். அந்தச் சோம்பலுக்குக் கிடைத்த பரிசுதான் 1.31.

காரணம் பிடிபட இரண்டு நாள் ஆனது. ஒரே இடத்திலிருந்து, இரவில் மட்டும், ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்கிறோம். 4.23 நாள் சுழற்சி என்றால் ஒரு நாளில் 0.236 சுற்று. 1.31 நாள் என்றால் 0.764 சுற்று. இரண்டையும் கூட்டினால் சரியாக 1. தினமும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்ப்பவனுக்கு, கால் சுற்று முன்னே போனதும் முக்கால் சுற்று பின்னே போனதும் ஒன்றுபோலத்தான் தெரியும். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னால் சுழல்வதுபோலத் தெரியுமே, அதே கூத்து.

மருந்து, நான் ஒதுக்கி வைத்த லிக்தான். அங்கே இரவு வரும்போது பிரான்சில் பாதி இரவுக்கு மேல் கழிந்திருக்கும். இரண்டு இடத்துக்கும் எட்டரை மணி நேர வித்தியாசம். இரண்டு தொகுப்புக்கும் வேகத்தை அளக்கத் தனித்தனிப் பூஜ்ஜியம் கொடுத்துச் சேர்த்து ஓட்டினேன். 1.31 அடங்கியது, 4.23 ஓங்கி நின்றது.

எல்லாச் சுற்றுகளின் புள்ளிகளையும் ஒரே சுற்றின் மேல் மடித்துப் போட்டுப் பார்த்தேன். அப்புறமும் அலை தெளிவாக மடியவில்லை. 4.23 என்று தோராயமாகப் போட்டிருந்தேன், உண்மையில் 4.2308. பத்து வருடத்தில் அந்தச் சின்ன வித்தியாசம் 16 மணி நேரமாகச் சேர்ந்துவிடுகிறது. திருத்தியதும் புள்ளிகள் எல்லாம் அழகான ஒரே அலையில் உட்கார்ந்தன.

விண்மீனின் நிறை சூரியனைப் போல 1.1 மடங்கு என்று வைத்துப் போட்டால், கோளின் நிறை வியாழனில் 0.47 பங்கு. சுற்றுப்பாதையின் சாய்வு இந்த முறையில் தெரியாது, சாய்வைப் பொறுத்து உண்மையான நிறை இதைவிடக் கூடலாம் என்பதை மறந்துவிட்டிருந்தேன். நோட்டில் ‘0.47’ என்று எழுதியதற்கு முன்னால் ‘குறைந்தது’ என்று நுணுக்கி எழுதிச் சேர்த்தேன்.