எந்த பேட்ச், எந்த ஆலைக்குப் போனது?

கும்பகோணம் பக்கம் அரிசி ஆலை பாய்லர்களுக்கான கெமிக்கல் தயாரிக்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. ஸ்டோரும் பில்லிங்கும் என் பொறுப்பு. பதினெட்டு வருஷமாக விஷுவல் ஃபாக்ஸ்புரோவில் எழுதிய ஒரு புரோகிராம்தான் ஓடியது. எழுதியவர் தொழிலையே விட்டுவிட்டார். ஃபாக்ஸ்புரோவை வெளியிட்ட மைக்ரோசாஃப்ட்டும் 2015-லேயே அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் பில் மட்டும் டாலி என்ற கணக்கு மென்பொருளுக்குப் போனது. சரக்குக் கணக்கு பழையதிலேயே தங்கிவிட்டது.

ஒருநாள் மன்னார்குடி ஆலை ஒன்றிலிருந்து போன். பாய்லர் ட்யூபில் குழிகுழியாக அரிப்பு. தண்ணீரில் கரைந்து ட்யூபை அரிக்கும் ஆக்சிஜனைப் பிடிப்பது எங்கள் கெமிக்கலில் உள்ள சோடியம் சல்ஃபைட். காற்றுப் பட்டு அதன் வீரியம் குறைந்திருந்தால் ட்யூப் தாங்காது. அவர்களுக்குப் போன கேன் எந்த பேட்ச், அதே சரக்கு வேறு எந்த ஆலைக்குப் போனது என்று இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை. அந்த இரண்டு ராத்திரியும் நான் தூங்கவில்லை.

புது ஈஆர்பி, அதாவது சரக்கு, தயாரிப்பு, பில் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் மென்பொருள், காட்ட வந்த எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டோம்: "48 சதவீத காஸ்டிக் லையை, அதாவது காஸ்டிக் சோடா கரைசலை, கிலோவில் வாங்குறோம், லிட்டரில் கலக்குறோம். ஒரு லிட்டர் ஏறக்குறைய ஒன்றரை கிலோ. அடுத்த லோடு 46 சதவீதம் வந்தா அளவு தானா மாறுமா?" பதில் சொன்னவர்களை மட்டும் மறுபடி கூப்பிட்டோம்.

உயிரை எடுத்தது ஐட்டம் மாஸ்டர் என்ற சரக்குப் பெயர்ப் பட்டியல்தான். ஒரே லை ஐந்து பெயரில் இருந்தது. அதைச் சுத்தம் செய்ய மூன்று மாதம். ஃபார்முலாக்களோ கலவைப் பிரிவுப் பெரியவரின் டைரியில். "தம்பி, இதுல எழுதினது பாதிதான். மழைக்காலத்துல சோடா ஆஷ் ஈரம் இழுக்கும், கொஞ்சம் கூடப் போடுவேன்" என்றார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு ஏற்றினேன். அந்த ஈரக் கணக்கு எந்த டெமோவிலும் வராது.

ஏப்ரல் 1-ல் மாற்றச் சொன்னார் ஆடிட்டர். சம்பா நெல் வந்து ஆலைகள் முழு ஓட்டத்தில் இருக்கும் நேரம், வேண்டாம் என்று மன்றாடினேன். ஜூனில், வயலில் குறுவை நாற்று நிற்கும்போது மாறினோம். ஒரு மாதம் இரண்டிலும் எழுதினோம். கை ஒடிந்தது, ஆனால் ஒரு ஐட்டத்துக்கு அடர்த்தி 1.5-க்குப் பதில் 1.05 என்று ஏறியிருந்ததை அதில்தான் பிடித்தோம். பழைய கம்ப்யூட்டரை அழிக்கவில்லை. ஜிஎஸ்டி கணக்கை ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும்.

போன வாரம் ஒரு பேட்ச் எண்ணைப் போட்டுச் சோதித்தேன். பதினொரு ஆலை, பத்து நிமிஷம். முதல் வேலையாக மன்னார்குடிக்குத்தான் போன் போட்டேன்.