எட்டாவது தூண்

படிப்பை முடித்துக் கோவையில் ஒரு சைட்டில் சேர்ந்த மூன்றாவது மாதம், முதன்முதலாக என் பொறுப்பில் தூண்களுக்கு கான்கிரீட் போட்டோம். மறுநாள் காலை ஆட்கள், கான்கிரீட்டைத் தாங்க அடித்திருந்த பலகைப் பெட்டியைப் பிரித்தார்கள். ஏழு தூண்கள் வழவழவென்று இருந்தன. எட்டாவதன் அடியில் முழங்கால் உயரத்துக்கு ஜல்லியைப் பிணைக்கிற சிமென்ட் பாலே இல்லை. முக்கால் இஞ்ச் ஜல்லி பல்லிளித்துக்கொண்டிருந்தது. விரலை விட்டால் கம்பி தட்டுப்பட்டது.

இதற்குப் பெயர் ஹனிகோம்ப். தேன்கூடு என்று தமிழில் சொன்னால் அழகாகத்தான் இருக்கிறது. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

சீனியர் வர மதியமாகும். அதற்குள் கலவை வைத்துப் பூசிவிடலாமா என்று மேஸ்திரியிடம் மெல்லக் கேட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "பூசலாமுங்க தம்பி. மேல நாலு மாடி வருதே, அதுக்கு என்னங்க சொல்லுவீங்க?" என்றார்.

போன் செய்தேன். சீனியர் வந்து சுத்தியலால் தூணைச் சுற்றிலும் தட்டிப் பார்த்தார். நல்ல இடத்தில் கிண்ணென்றது, அடியில் பொத்தென்றது. திட்டவில்லை. "நேத்து வைப்ரேட்டர் எதுவரைக்கும் இறங்குச்சு?" என்று மட்டும் கேட்டார். கலவைக்குள் விட்டு அதிரவைத்து இறுக்குகிற ஊசி அது.

எனக்குத் தெரியவில்லை. சிமென்ட் மூட்டைக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். பொய்யில்லை. ஆனால் மூட்டையை யார் வேண்டுமானாலும் எண்ணலாம். தூண் பக்கத்தில் நின்றால் ஆட்கள் ஏதாவது கேட்பார்கள், பதில் தெரியாவிட்டால் மானம் போகும் என்றுதான் ஒதுங்கியிருந்தேன்.

அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பெட்டிக்கு அடியில் இடைவெளி இருந்திருக்கிறது, அதன் வழியாகப் பால் ஒழுகிவிட்டது. கலவையை 10 அடி உயரத்திலிருந்து கொட்டியிருந்தார்கள். அப்படி விழும்போது ஜல்லி தனியாகப் பிரிந்துவிடும். பொதுவாக 1.5 மீட்டருக்கு மேல் விழ விடக்கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 456 சொல்கிறது, அதைக் கல்லூரிப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியவன் நான். வைப்ரேட்டர் ஊசி பாதியிலேயே கம்பியில் மாட்டியிருக்கிறது. பிடித்திருந்த பையன் யாரிடமும் சொல்லவில்லை. அவனுக்கும் எனக்கிருந்த அதே பயம்தான்.

தூணை இடித்தோம். கம்பிக்கு அடிபடாமல் உளி வைத்து உடைக்க ஒன்றரை நாள் ஆனது. மறுபடி போடும்போது பெட்டியின் அடியை அடைத்து, 5 அடியில் ஒரு ஜன்னல் விட்டு, அதன் வழியாக அதுவரை நிரப்பிய பிறகு ஜன்னலை மூடி மேலே போட்டோம். அன்று மேஸ்திரியிடம் இருபது கேள்வியாவது கேட்டிருப்பேன். பாதி அசட்டுக் கேள்விகள்.

சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று நினைத்தேன், பிடிக்கவில்லை. எல்லா இடமும் அப்படி இல்லை. அடுத்து வேலை பார்த்த இடத்தில், ஒரு விரிசலைத் தானாக வந்து சொன்னவரை எல்லார் முன்னிலையிலும் திட்டிக் கிழித்தார்கள். அதன் பிறகு அங்கே விரிசல் என்ற பேச்சே எழவில்லை. எல்லாம் பூச்சுக்குள் போய்விட்டது.

பயம் விட்டுப்போனது என்று சொல்லமாட்டேன். இன்றும் பெட்டி பிரிக்கிற காலையில் எனக்கு டீ இறங்காது. முந்தின நாள் மட்டும் தூண் பக்கத்தை விட்டு நகர்வதில்லை.

போன வாரம் காலை ஆறரைக்கு ஜூனியர் பெண் கூப்பிட்டாள். "சார், ஒரு தூண் அடியில..." என்று இழுத்தாள்.

"தட்டிப் பாத்தியாம்மா?"

"பாத்துட்டேன் சார். போட்டோ அனுப்பறேன். பூச விடல."